மூலம் எது? தமிழ்ப் புதினங்களின் திரையாக்க வரலாறும் நடுநிலை வகுப்புகளில் ஒப்பீட்டுக் கற்பித்தலும்

ஆய்வுச் சுருக்கம்

புதினத்தையும் அதன் திரையாக்கத்தையும் ஒப்பிடும் பயிற்சி பள்ளிகளில் பெரும்பாலும் ‘மூலத்துக்கு உண்மையாக உள்ளதா?’ என்ற ஒற்றைக் கேள்வியில் முடிந்துவிடுகிறது. மூலம் என்பது மாறாத ஒன்று என்ற எண்ணத்தை இக்கேள்வி முன்னதாகவே ஏற்றுக்கொள்கிறது. தமிழில் தொடர்கதை, மேடை நாடகம், இதழ் ஓவியம், திரைப்படம் ஆகியவை ஒன்றோடொன்று கலந்து வளர்ந்த வரலாறு இவ்வெண்ணத்துக்கு இடம் தருவதில்லை. 1935 முதல் 2023 வரையிலான சில திரையாக்கங்களின் வழியே இதனை இக்கட்டுரை நிறுவுகிறது. அவ்வரலாற்றிலிருந்து 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஏற்ற ஒப்பீட்டு முறை ஒன்றையும் வகுத்துக் காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: புதினம், திரையாக்கம், தொடர்கதை, மூலம், நடுநிலை வகுப்பு, ஒப்பீட்டுக் கற்பித்தல்.

முன்னுரை

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரையிலான வகுப்பு மாணவர்களுக்கு மாதந்தோறும் சிறார் திரைப்படங்களைத் திரையிடும் திட்டம் 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. பொழுதுபோக்கு என்று பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த திரைப்படம், இதனால் கால அட்டவணைக்குள் இடம் பெற்றது. திரையிடலுக்குப் பின் நிகழும் உரையாடல் எவ்வாறு அமைய வேண்டும் என்ற வினா இதனையொட்டி எழுகிறது. குறிப்பாக, மாணவர் படித்த அல்லது கேள்விப்பட்ட கதை ஒன்று திரையில் வேறு வடிவில் தோன்றும்போது தமிழாசிரியர் எதனைக் கேட்க வேண்டும்?

வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி ‘புத்தகம் சிறந்ததா, படம் சிறந்ததா?’ என்பதாகும். இதற்கான விடை வகுப்பறையில் பெரும்பாலும் முன்பே முடிவு செய்யப்பட்டிருக்கிறது. புத்தகம் என்று சொல்லும் மாணவர் பாராட்டப் பெறுகிறார். படத்தை மட்டும் பார்த்தவர் வாய் மூடிக்கொள்கிறார். வீட்டில் நூல்கள் இல்லாத, குடும்பத்தில் முதன்முறையாகப் பள்ளிக்கு வந்துள்ள மாணவருக்குக் கதையுலகின் வாயில் பல வேளைகளில் திரைப்படமே. அவர் அறிந்திருப்பதை இரண்டாந்தரம் என்று தீர்ப்பளிக்கும் கேள்வியிலிருந்து ஒப்பீட்டைத் தொடங்குவது கற்பித்தல் நோக்கில் மட்டுமன்றி வரலாற்று நோக்கிலும் பிழையானது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

பள்ளிக்குள் திரைப்படம்: 1930களின் முன்னோடி முயற்சி

பள்ளிப் பாடமாகத் திரைப்பட ரசனை முறையாக அமைந்த தொடக்ககால இயக்கங்களுள் ஒன்று 1930களில் அமெரிக்காவில் தோன்றியது. திரைப்படம் சிறுவர்களைக் கெடுக்கிறதா என்பதை ஆராய்ந்த பெய்ன் நிதிய ஆய்வுகள் 1933 முதல் நூல்களாக வெளிவந்தன. அத்தொகுதியின் ஒரு பகுதியாக, ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்கர் டேல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென்று திரைப்பட ரசனை நூல் ஒன்றை எழுதினார். சிறுவரைத் திரையிடமிருந்து காப்பதற்கு மாறாகத் திரையை ஆராய்ந்து பார்க்கப் பழக்க வேண்டும் என்பது அந்நூலின் அடிப்படை.

அதே ஆண்டுகளில் அமெரிக்க ஆங்கில ஆசிரியர் மன்றத்தின் ஈடுபாட்டுடன் ‘லிட்டில் உமன்’ (1933), ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ (1935) போன்ற புதினத் திரையாக்கங்களுக்கு வகுப்பறைக் கையேடுகள் தயாராயின. அவை மாணவரைப் புதினத்தின் பக்கம் இட்டுச் சென்றன. அதே வேளையில் படநிறுவனங்களுக்கு விளம்பரமாகவும் பயன்பட்டன. இவ்விரட்டைப் பயன் கவனிக்கத்தக்கது. செவ்விலக்கியத்தின் பெருமையைத் திரைப்படம் கடன் வாங்கியது; திரைப்படத்தின் ஈர்ப்பைப் பள்ளி கடன் வாங்கியது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் புதினமே அளவுகோல் என்ற நிலை கேள்விக்கு உட்படவில்லை.

அந்நிலையை முறையாகக் கேள்விக்கு உட்படுத்தியவர் ஜார்ஜ் புளூஸ்டோன். 1957இல் வெளியான, புதினம் திரைப்படமாவது பற்றிய தமது நூலில், சொல்லால் இயங்கும் கலையும் காட்சியால் இயங்கும் கலையும் வெவ்வேறு எல்லைகளை உடையவை என்றும், புதினம் திரைப்படத்துக்கு மூலப்பொருள் மட்டுமே என்றும் அவர் வாதிட்டார். பின்வந்த தழுவல் ஆய்வுகள் இக்கருத்தைப் பலவாறு திருத்தியும் விரித்தும் சென்றன. எனினும் பள்ளி வகுப்பறைகளில் ‘உண்மையாக உள்ளதா?’ என்ற பழைய கேள்வியே நிலைபெற்றது. அக்கேள்வி தமிழ்ச் சூழலுக்குப் பொருந்துமா என்பதைத் தமிழின் சொந்த வரலாற்றைக் கொண்டே காண வேண்டும்.

நாடகம் வழி வந்த புதினம்: மேனகா

தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் வெளியானது. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் புராணக் கதைகளே மிகுதியாகத் திரைக்கு வந்தன. சமூகக் கதைகளின் வரவில் 1935இல் வெளியான ‘மேனகா’ குறிப்பிடத்தக்கது. இதன் மூலம் வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் புதினம். ஆயினும் புதினம் நேராகத் திரைக்கு வரவில்லை. டி.கே.எஸ். சகோதரர்கள் அதனை மேடை நாடகமாக நடத்தி வந்தனர், அந்நாடகமே பி.கே. ராஜா சாண்டோவின் இயக்கத்தில் படமாயிற்று.

இங்கு ஒப்பிட வேண்டியவை இரண்டல்ல, மூன்று. படத்தில் காணும் ஒரு மாற்றம் திரைக்கலையின் தேவையால் வந்ததா, அல்லது மேடையில் முன்பே நிகழ்ந்துவிட்டதா என்று கேளாமல் அதற்குக் காரணம் கூற இயலாது. தொடக்ககாலத் தமிழ்த் திரைப்படங்களின் நடிப்பு முறை, பாடல்களின் எண்ணிக்கை, வசனத்தின் ஓசை ஆகியவற்றில் மேடையின் தடம் ஆழமானது. புதினத்தை ஒரு முனையிலும் படத்தை மறு முனையிலும் நிறுத்தும் ஒப்பீடு இந்த நடுவழியை மறைத்துவிடுகிறது.

ஒரே நேரத்தில் பிறந்த இரு வடிவங்கள்: தியாகபூமி

கல்கியின் ‘தியாகபூமி’ மூலம் பற்றிய எண்ணத்தை மேலும் நெருக்கடிக்கு உள்ளாக்குகிறது. கே. சுப்பிரமணியம் இயக்கிய திரைப்படம் 1939இல் வெளியானது. பாபநாசம் சிவன் சம்பு சாஸ்திரியாகவும், எஸ்.டி. சுப்புலட்சுமி சாவித்திரியாகவும், பேபி சரோஜா சாருவாகவும் நடித்தனர். படம் உருவாகிவந்த காலத்திலேயே கதை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. வழக்கமாக ஓவியர் வரையும் படங்களுக்கு மாறாகத் திரைப்படத்தின் நிழற்படங்களே தொடர்கதையோடு அச்சிடப்பெற்றன. எனவே அன்றைய விகடன் வாசகர் சாவித்திரியை எழுத்தில் படிக்கும்போதே எஸ்.டி. சுப்புலட்சுமியின் முகத்தைக் கண்டார். இங்கு எது முந்தியது, எது பிந்தியது?

இப்படைப்பின் காலமும் கருதத்தக்கது. 1937இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி தலைமையில் காங்கிரசு அமைச்சரவை அமைந்தது. அவ்வாட்சியில் திரைப்படத் தணிக்கையின் பிடி தளர்ந்திருந்ததால் தேசிய இயக்கக் காட்சிகள் திரையில் வெளிப்படையாக இடம்பெற முடிந்தது. 1939 அக்டோபரில் அமைச்சரவை பதவி விலகிய பின் நிலை மாறியது, ‘தியாகபூமி’ தடைசெய்யப்பட்டது. புத்தக வடிவில் ஒருவர் தனியே படிக்கும் கதையும், அரங்கில் பலர் கூடிக் காணும் கதையும் அரசின் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றவில்லை. எழுத்தறிவு குறைந்திருந்த சமூகத்தில் திரைப்படத்தின் வீச்சு அச்சின் வீச்சைவிடப் பெரிது என்பதை ஆட்சியாளர் அறிந்திருந்தனர். ஒரு கதை வடிவம் மாறும்போது அதன் அரசியல் எடையும் மாறுகிறது என்பதற்கு இத்தடை சான்று.

சொல் ஒலியாதல்: தில்லானா மோகனாம்பாள்

தொடர்கதைக்கும் திரைக்கும் இடையே இதழ் ஓவியர் ஆற்றிய பங்கை ‘தில்லானா மோகனாம்பாள்’ காட்டுகிறது. கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற புனைபெயரில் 1950களில் ஆனந்த விகடனில் எழுதிய இத்தொடருக்குக் கோபுலு ஓவியம் தீட்டினார். கதைமாந்தரின் தோற்றமும் உடையும் நிற்கும் பாங்கும் வாசகர் மனத்தில் கோபுலுவின் கோடுகளால் பதிந்தன. ஏ.பி. நாகராஜன் இயக்கிய படம் 1968இல் வந்தபோது, அது எழுத்தோடு மட்டுமன்றி அவ்வோவியங்களின் நினைவோடும் போட்டியிட வேண்டியிருந்தது.

நாகசுர இசையைப் புதினம் சொற்களால் வருணித்தாக வேண்டும். கேட்பவரின் உருக்கத்தைச் சொல்லி இசையின் உயர்வை உணர்த்த வேண்டும். திரைப்படமோ இசையையே கேட்கச் செய்கிறது. சிவாஜி கணேசன் நடித்த சண்முகசுந்தரத்தின் நாகசுரத்துக்குப் பின்னணியில் வாசித்தவர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். புதினத்தில் வாசகரின் கற்பனைக்கு விடப்பட்ட இசை, படத்தில் குறிப்பிட்ட கலைஞரின் மூச்சாக உறுதி பெறுகிறது. இதில் பெறுவதும் உண்டு, இழப்பதும் உண்டு. இரண்டையும் சொல்லப் பழகுவதே ஒப்பீடு.

ஆசிரியரே மாற்றும்போது: ஜெயகாந்தன்

மூலம் நிலையானது என்ற எண்ணத்துக்கு ஜெயகாந்தனின் எழுத்தே மறுப்பாக அமைகிறது. 1966இல் ஆனந்த விகடனில் வெளியான ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை, பாதிக்கப்பட்ட மகளின் தலையில் நீரூற்றி அவளைத் தூயவளாக ஏற்கும் தாயோடு முடிகிறது. அம்முடிவு கடும் விவாதத்தை எழுப்பியது. தாய் அவ்வாறு நடந்துகொள்ளாதிருந்தால் மகளின் வாழ்வு என்னவாகியிருக்கும் என்ற வினாவிலிருந்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ புதினத்தை அவர் எழுதினார். புதினம் 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. ஏ. பீம்சிங் இயக்கத்தில், ஜெயகாந்தனின் திரைக்கதையோடு, அது 1977இல் படமாயிற்று. சிறுகதை, புதினம், திரைக்கதை என மூன்று வடிவங்களும் ஒரே ஆசிரியருடையவை. இவற்றுள் ஒன்றை மூலம் என்று நிறுத்தி மற்றவற்றை அதனால் அளக்க முடியாது. இப்படைப்பு நடுநிலை வகுப்புக்கு உரியதன்று. ஆனால் ஒப்பீட்டைக் கற்பிக்கும் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டிய சான்று.

இயக்குநர் மாற்றும்போது: முள்ளும் மலரும்

உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ கல்கி இதழின் வெள்ளிவிழாப் புதினப் போட்டியில் பரிசு பெற்ற படைப்பு. மகேந்திரன் இயக்கிய முதல் படமாக 1978இல் திரைக்கு வந்தது. பாலுமகேந்திரா ஒளிப்பதிவு செய்தார். புதினத்தில் காளி புலியின் தாக்குதலால் கையை இழக்கிறான். படத்தில் அவன்மீது லாரி ஏறுகிறது. புதினத்தின் விபத்து காட்டிலிருந்து வருகிறது. படத்தின் விபத்து, மின்நிலையமும் விஞ்சும் சாலையும் சேர்ந்த தொழில் உலகிலிருந்து வருகிறது. காளிக்கும் பொறியாளருக்கும் இடையிலான பகை வேலையிடத்தில் முளைத்தது என்பதால், படத்தின் மாற்றம் அப்பகையோடு இயைந்து நிற்கிறது. படப்பிடிப்பின் நடைமுறை எளிமையும் இதற்குத் துணைநின்றிருக்கக் கூடும். ஒரே மாற்றத்துக்குக் கலைக் காரணமும் தொழிற் காரணமும் ஒருசேர இருக்கலாம் என்பதை 8ஆம் வகுப்பு மாணவரும் புரிந்துகொள்ள இயலும்.

அடுத்த ஆண்டில் வந்த மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து கருவை மட்டும் எடுத்துக்கொண்டு வேறொரு கதையை அமைத்தது. ‘தழுவல்’ என்ற ஒரே சொல்லுக்குள் இத்துணை வேறுபட்ட உறவுகள் அடங்கியுள்ளன.

கல்வெட்டு, புதினம், திரை: பொன்னியின் செல்வன்

இன்றைய நடுநிலை மாணவர் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் மணியத்தின் ஓவியங்களோடு தொடராக வந்து, ஐந்து பாகங்களாக நூலுருப் பெற்ற இப்புதினத்தை மணிரத்னம் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு படங்களாக்கினார். ஒவ்வொரு வாரமும் வாசகரை அடுத்த வாரத்துக்குக் காத்திருக்கச் செய்த கதையமைப்பு, மூன்று மணி நேரத்துக்குள் முடிய வேண்டிய அமைப்பாக மாற வேண்டியிருந்தது. கந்தமாறனின் தங்கை மணிமேகலை படத்தில் இடம்பெறாமை இவ்வகைச் சுருக்கத்தின் விளைவு எனலாம்.

இங்கு ‘மூலம்’ என்று சொல்லப்படும் புதினமும் ஒரு தழுவலே. ஆதித்த கரிகாலன் கொலை பற்றிய முதன்மைச் சான்று காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு. முதலாம் இராசராசனின் ஆட்சித் தொடக்கத்தைச் சேர்ந்த இக்கல்வெட்டு, கொலையில் தொடர்புடைய இரவிதாசன் முதலானோரின் உடைமைகள் கைப்பற்றப்பட்டதைக் கூறுகிறது. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி, தி.வை. சதாசிவ பண்டாரத்தார் ஆகியோரின் சோழர் வரலாற்று நூல்களைக் கற்ற கல்கி, சான்றுகள் பேசாத இடங்களைக் கற்பனையால் நிரப்பினார். நந்தினி அவரது கற்பனைப் பாத்திரம். திரைப்படத்தைக் கண்ட மாணவர் நந்தினியைச் சோழர் வரலாற்றின் ஒரு பகுதியாகவே எண்ணுவாராயின், அப்பிழையை ‘புதினத்தைப் படி’ என்று சொல்லித் திருத்த முடியாது. கல்வெட்டு, புதினம், படம் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைத்தே திருத்த முடியும். ஒப்பீட்டுப் பயிற்சி இலக்கிய ரசனையைக் கடந்து வரலாற்றறிவுக்கும் இன்றியமையாததாகும் இடம் இதுவே.

வகுப்பறைக்கு ஒரு முறை

மேற்கண்ட வரலாறு காட்டும் கேள்விகள் நான்கு: எது அப்படியே உள்ளது? எது நீங்கியது? எது புதிதாக வந்தது? ஏன்? முதல் மூன்றும் கவனித்தலைச் சார்ந்தவை. 11 முதல் 13 வயது வரையிலான மாணவர் எவரும் இவற்றுக்கு விடை கூற இயலும். நான்காவது கேள்வி வரலாற்றைச் சார்ந்தது. ஆசிரியர் தரும் தகவல்களின் துணையோடு விடை காணத்தக்கது.

முழுப் புதினத்தையும் முழுப் படத்தையும் ஒப்பிடுவது இவ்வகுப்புகளுக்குப் பொருந்தாது. ஒரு பகுதியே போதும். ‘பொன்னியின் செல்வன்’ தொடக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். புதினம் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமீது வரும் வந்தியத்தேவனோடு தொடங்குகிறது. கதைசொல்லி வாசகரை நேரே விளித்து அழைத்துச் செல்கிறார். திரைப்படமோ போர்க்களத்தோடு தொடங்குகிறது. வந்தியத்தேவனின் நாட்டுவழிப் பயணம் பின்னர் ஒரு பாடலாக வருகிறது.

முதல் பாடவேளையில் புதினப் பகுதியை ஆசிரியர் உரக்கப் படிக்க, மாணவர் தாம் மனத்தில் கண்டதை வரையவோ எழுதவோ வேண்டும். இப்படி ஒவ்வொருவரும் தமக்கென ஒரு காட்சியைப் பெற்றுவிடுவதால், திரைக்காட்சி பல காட்சிகளுள் ஒன்றாக நிற்கும். இரண்டாம் பாடவேளையில் திரைக்காட்சியை முதலில் ஒலியின்றியும் பின் ஒலியோடும் காட்டலாம். ஒலியில்லாதபோது எதனை அறிய முடிந்தது, ஒலி வந்தபின் எது மாறியது என்ற உரையாடல் இசையும் வசனமும் செய்யும் பணியைத் தெளிவாக்கும். மூன்றாம் பாடவேளையில் நான்கு கேள்விகளுக்கும் அட்டவணை அமைத்து, ‘வார இதழ் வாசகருக்கு எழுதியவர் ஏரிக்கரையில் தொடங்குகிறார், அரங்கில் அமர்ந்திருப்போருக்குப் படமெடுப்பவர் போரில் தொடங்குகிறார், ஏன்?’ என்று கேட்கலாம். எழுத்துப் பயிற்சியாக, மாணவரைத் திரைக்கதை எழுதுபவராக்கி, தாம் எதனை நீக்குவார், அதற்குக் காரணம் யாது என்று ஒரு பத்தி எழுதச் செய்யலாம்.

படத்தை மட்டும் கண்ட மாணவர் இம்முறையில் பின்தங்குவதில்லை. காட்சியைக் கூர்ந்து கண்டவர் என்ற முறையில் அவரே முதலில் பேசத் தொடங்கலாம். ‘ஏன்?’ என்ற கேள்விக்கு விடை தேடும்போது அவருக்குப் பனுவல் தேவைப்படுகிறது. வாசிப்பு அங்கே தண்டனையாக அல்லாமல் தேவையாக வந்து சேர்கிறது.

இம்முறைக்கு ஒரு மறுப்பு எழக்கூடும். எல்லா மாற்றத்துக்கும் காரணம் தேடினால், தரம் குறைந்த திரையாக்கத்தையும் மாணவர் ஏற்றுக்கொள்ளப் பழகுவர் என்பது அது. காரணம் அறிதல் ஏற்றல் ஆகாது. வணிகத் தேவைக்காக ஒரு பாத்திரம் நீக்கப்பட்டது என்று அறிந்த மாணவர், அந்நீக்கத்தால் கதை எதனை இழந்தது என்று முன்னைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியும். மதிப்பீடு தவிர்க்கப்படுவதில்லை, கவனித்தலுக்கும் விளக்கத்துக்கும் பின்னர் வருமாறு இடம் மாற்றப்படுகிறது.

முடிவுரை

‘மேனகா’வில் புதினத்துக்கும் படத்துக்கும் இடையே மேடை நின்றது. ‘தியாகபூமி’யில் இரண்டும் ஒருங்கே பிறந்தன. ஜெயகாந்தன் தம் மூலத்தைத் தாமே மாற்றினார். கல்கி கல்வெட்டைப் புதினமாக்கினார். இவ்வெடுத்துக்காட்டுகளில் மாறாத மூலம் என்று ஒன்று கிடைக்கவில்லை. ஒவ்வொரு வடிவமும் தன் காலத்துக்கும் ஊடகத்துக்கும் பெறுநருக்கும் ஏற்ப எழுந்துள்ளது. ஆதலின் நடுநிலை வகுப்பில் ஒப்பீட்டின் தொடக்கக் கேள்வி ‘எது சிறந்தது?’ என்பதிலிருந்து ‘எது மாறியது, ஏன்?’ என்பதாக மாற வேண்டும். மாதந்தோறும் திரையிடல் நிகழும் பள்ளிகளில் இதற்குரிய திரையும் நேரமும் ஏற்கெனவே உள்ளன. தமிழாசிரியர் கல்வியிலும் பணியிடைப் பயிற்சியிலும் திரையாக்க வரலாறு இடம்பெறுமாயின், அந்நேரம் தமிழ் வாசிப்புக்கும் உரியதாகும்.